முன்பணத்தில் தொடங்கும் குற்றம்

1867-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் ஒரு புயல் இரவு. நீலகிரியில் அடைத்துவைக்கப்பட்டிருந்த சீனக் கைதிகள் 12 பேர் தப்பியோடினார்கள். துப்பாக்கி ஏந்திய காவலர்கள் குழுக்குழுவாகப் பிரிந்து மலையைச் சல்லடையாகச் சலித்தார்கள். இரண்டு வாரம் கழித்து மலபாரில் கைதிகள் பிடிபட்டபோது அவர்கள் கையில் போலீஸ் ஆயுதங்கள் இருந்தன. தேடிப்போன குழுக்களில் ஒன்று திரும்பவே இல்லை. செப்டம்பர் நடுவில், சிஸ்பாரா மலைப்பாதையில் வாலகாட் காட்டுக்குள் 4 காவலர்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டு, வெட்டப்பட்ட தலைகள் அவரவர் தோள்மேல் ஒழுங்காக எடுத்துவைக்கப்பட்டிருந்தன.

இது யாருடைய கற்பனையும் இல்லை. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1908-இல் வெளியான நீலகிரி மாவட்ட கெஜட்டியரில் பதிவான செய்தி. மலாயாப் பக்கத்து நீரிணைக் குடியேற்றங்களில் சிறைகள் போதாமல் மெட்ராஸ் மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்தச் சீனர்கள். அவர்களைப் போன்ற கைதிகளின் உழைப்பு நடுவட்டத்தின் சிங்கோனாத் தோட்டங்களுக்குப் பயன்பட்டது. கெஜட்டியருக்கு அடுத்த ஆண்டில் வந்த மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டனின் நூலில் இன்னொரு காட்சி கிடைக்கிறது. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே ஒரு சின்னக் குடியிருப்பு. தண்டனை முடிந்தும் ஊர் திரும்பாத சீன ஆண்களும் அவர்களை மணந்த தமிழ்ப் பெண்களும் பிள்ளைகுட்டிகளோடு காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைக்கிறார்கள்.

முதல் ஆவணத்தில் அவர்கள் கொலைகாரர்கள். இரண்டாவதில் மண்டை அளவும் மூக்கு அளவும் எடுக்கப்படும் மாதிரிகள். கடல் கடந்து கொண்டுவரப்பட்ட ஒருவன், பேச்சுப் புரியாத மலையில் கட்டாய வேலை செய்து, பிறகு ஒரு தமிழ்ப் பெண்ணோடு அடுப்பு மூட்டியது எப்படி? அவள் வீட்டார் என்ன சொன்னார்கள்? அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இருந்ததா? இரண்டு ஆவணங்களுக்கும் இடையில் ஒரு முழு நாவல் எழுதப்படாமல் கிடக்கிறது. அவர்கள் நீதிமன்றம் தண்டித்த கைதிகள். இன்றைய சட்டச் சொல்லில் அவர்களை ‘ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள்’ என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மனிதரைச் சரக்காக ஏற்றி இறக்கிய கதைகள் இந்த மலையில் எவ்வளவு பழையவை என்பதற்கு அவர்களே சாட்சி.

அந்தக் கதைகளைத் தொடாவிட்டாலும், தமிழ்க் குற்றப் புனைவு ஊட்டிக்குப் போகாமல் இல்லை. மாத நாவல்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பனிமூட்டமும் தனி பங்களாவும் வளைந்து இறங்கும் மலைப்பாதையும் வாசகருக்கு அத்துப்படி. சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜெயந்தி எல்லாரும் தமிழ் வீடுகளுக்குள் உறவினர்போல் நடமாடியவர்கள். பேருந்து நிலையக் கடையில் புத்தகம் வாங்கிப் படிக்கும் பழக்கத்தை லட்சக்கணக்கானவர்களுக்கு ஏற்படுத்தியது அந்த எழுத்து. அதைக் குறைத்துப் பேசுவது நன்றி கெட்ட செயல்.

ஆனால் அந்த வடிவத்துக்குள் ஒரு முடிச்சு இருந்தது. அடுத்த மாதமும் வர வேண்டிய துப்பறிவாளர் இந்த மாதம் மாறிவிடக் கூடாது. அதே மிடுக்கு, அதே கிண்டல், அதே ஜோடி. குற்றத்துக்கு ஆளானவருக்கோ அந்த ஒரு மாதம்தான் ஆயுள். முதல் பக்கத்தில் அலறுவார், கடைசிப் பக்கத்தில் மீட்கப்படுவார். கொலை, கொள்ளை, வைரக் கடத்தல் போன்றவற்றுக்கு இந்த அச்சு போதும். ஆள்கடத்தலுக்குப் போதாது. கொலை நடந்த நேரம் இரவு பத்தேகால் என்று எழுதிவிடலாம். ஒரு பெண் கடத்தப்பட்ட நேரம் எது? ஏஜென்ட் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோதா, அப்பா பணத்தை வாங்கியபோதா, ரயில் ஏறியபோதா, அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டபோதா, ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போகிறேன் என்று கேட்டதற்கு ‘கணக்கை முடித்துவிட்டுப் போ’ என்ற பதில் வந்தபோதா? இந்தக் குற்றம் நாட்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல நடப்பது. அதை மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைக் கொண்டுதான் காட்ட முடியும்.

குற்றவாளியிலிருந்து தொடங்கலாம். தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு ‘பிள்ளை பிடிக்கிறவன்’ தெரியும். தோளில் கோணி, சிவந்த கண்கள், புரியாத பேச்சு. சோறு தின்ன அடம்பிடிக்கும் குழந்தையை மிரட்டப் பாட்டிகள் கண்டுபிடித்த பாத்திரம் அது. திரைப்படங்களும் மலிவுக் கதைகளும் அவனுக்கு வேன் வாங்கிக் கொடுத்தன. உருவத்தை மட்டும் மாற்றவில்லை. 2018 மே மாதம் அவன் வாட்ஸ்அப்பில் ஏறி வந்தான். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு சென்னைக் குடும்பம் வழி கேட்க நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊர் திரண்டு அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் செத்துப்போனார். குழந்தை கடத்துபவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று மனதில் பதிந்திருந்த ஒரு வார்ப்புதான் அங்கே கை ஓங்கியது. பாத்திரப் படைப்பு இலக்கியக்காரர்களின் பொழுதுபோக்குக் கவலை என்று நினைப்பவர்கள் அந்த அம்மையாரை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் நிஜத்தில் ஆள் பிடிப்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். சொந்தக்காரர், ஊர்க்காரர், அதே பேச்சு பேசுபவர், முன்பு அங்கே வேலைக்குப் போய்த் திரும்பியவர். தோட்டத் தொழிலின் வரலாறு முழுக்க இந்த மனிதர் இருக்கிறார். இலங்கையில் அவருக்குக் கங்காணி என்று பெயர். ஆனைமலையிலும் நீலகிரியிலும் மேஸ்திரி. ஜார்க்கண்டிலிருந்து அசாமுக்கு ஆள் திரட்டியவரை அங்கே அர்காட்டி என்றார்கள், சர்தார் என்றார்கள். பெயர்தான் மாறியது. கையில் வெற்றிலைப் பையும் பையில் முன்பணமும் எல்லாருக்கும் பொது.

அந்த முன்பணத்துக்குப் பின்னால் சட்டமும் காவல் நின்றது. 1859-இல் வெள்ளை அரசு போட்ட ஒப்பந்த மீறல் சட்டத்தின்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு ஓடினால் 3 மாதம் வரை சிறை. 1920களின் நடுவில் நீக்கப்படும்வரை, இந்த மலைகளில் ‘குற்றவாளி’ என்ற சொல் ஓடிப்போன கூலியைத்தான் குறித்தது. இலங்கையில் ‘துண்டு’ முறை இருந்தது. ஒரு கங்காணியின் கீழிருக்கும் ஆட்களின் கடன் மொத்தத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தத் தொகையைக் கட்டும் தோட்டத்துக்கு ஆட்களை மாற்றிவிடுவார்கள். 1921-இல்தான் அது ஒழிந்தது. சங்கிலி இல்லை, சாட்டைகூட எப்போதும் தேவைப்படவில்லை. ஒரு காகிதம் போதுமானதாக இருந்தது.

இந்த மேஸ்திரியை முழு மனிதராகப் பார்த்த நூல் நம்மிடம் இருக்கிறது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், தொழிலாளர்கள் சொன்னவற்றைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளியிட்ட நாவல் அது. இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். 2013-இல் பாலாவின் ‘பரதேசி’ அதிலிருந்து பிறந்தது. திருநெல்வேலிச் சீமையின் பஞ்சத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் ஆனைமலைக்குப் புறப்படுகிறார்கள். அவர்களை யாரும் வாயைப் பொத்தித் தூக்கிப் போகவில்லை. பசித்தவனிடம் மேஸ்திரி சோற்றைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான். மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கம்பளியும் அரிசியும் வழிச்செலவும் கணக்கில் ஏறுகின்றன. இந்த நாவலைக் குற்றப் புனைவு என்று யாரும் அலமாரியில் அடுக்குவதில்லை. ஆனால் ஒரு குற்றம் எப்படித் திட்டமிட்டு நடத்தப்படுகிறது, யார் யாருக்குப் பங்கு போகிறது, ஏன் யாரும் தண்டிக்கப்படுவதில்லை என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லும் துப்பறியும் நாவல்கள் குறைவு.

இன்னும் ஆழமாகப் போனவர் ஜெயமோகன். 2003-இல் வெளிவந்த ‘ஏழாம் உலகம்’ நாவலின் போத்திவேலுப் பண்டாரம், உடற்குறை உள்ளவர்களைப் பிச்சைக்கு வைத்து வாங்கி விற்பவர். அவர்களை ‘உருப்படி’ என்று எண்ணுகிறவர். அதே மனிதர் முருக பக்தர், பெண் பிள்ளைகளின் கல்யாணக் கவலையில் தூக்கம் இழந்த அப்பா. மகளுக்கு உருகும் வேளையில் வாசகரும் அவரோடு சேர்ந்து உருகிவிடுகிறார். அடுத்த பக்கத்தில் அவர் ஒரு மனித உயிருக்கு விலை பேசும்போது, சற்றுமுன் உருகியதற்காக வாசகருக்கு உடம்பு கூசுகிறது. வில்லனைக் கெட்டவனாகக் காட்டுவது எளிது. நம் தெருவில் சந்தா வசூலிக்கும் நல்ல மனிதராகக் காட்டி, பிறகு அவர் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான் துணிவு வேண்டும்.

குற்றத்துக்கு ஆளானவரின் பாத்திரம் இதைவிடக் கடினம். 2013-இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆவது பிரிவும், இப்போது அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல. நீதிமன்றத்துக்கு அது சரியான விதி. ‘நீயே சம்மதித்துத்தானே போனாய்’ என்ற கேள்வியிலிருந்து அவரைக் காப்பாற்றும் விதி. ஆனால் நாவலாசிரியருக்கு அந்தச் சம்மதமே கதையின் உயிர்நாடி. அவர் ஏன் சரி என்றார்? தம்பியின் படிப்பா, அப்பாவின் குடியா, மழை பொய்த்த இரண்டு வருடமா, அல்லது மலையைப் பார்க்க வேண்டும் என்ற வெறும் ஆசையா? கடைசியாகச் சொன்னதைக் கதைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. பாதிக்கப்பட்டவருக்கு ஆசை இருந்தால் இரக்கம் குறைந்துவிடும் என்று எழுதுபவர்கள் அஞ்சுகிறார்கள்போல. ஆசைப்பட்டதால் ஒருவர் மீது நடந்த குற்றம் சிறிதாகிவிடுமா என்ன?

பாட்ரிசியா மெக்கார்மிக் 2006-இல் எழுதிய ‘சோல்ட்’ நாவலில், நேபாள மலைக் கிராமத்திலிருந்து மாற்றாந்தகப்பனால் கொல்கத்தாவுக்கு விற்கப்பட்ட 13 வயது லட்சுமி கணக்குப் போடுகிறாள். தன்னை வாங்கிய விலை எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு கழிகிறது, எப்போது தீரும் என்று. கணக்குத் தீராது என்பது வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியவரும் அந்த இடத்தில் குழந்தைத்தனம் முடிகிறது. அழுகையும் அலறலும் இல்லாமலேயே ஒரு பெண் வளர்ந்துவிடுகிறாள்.

தமிழில் அதற்கு நிகராக நினைவில் நிற்பது 1994-இல் வந்த ‘மகாநதி’. கமல்ஹாசனும் ரா.கி. ரங்கராஜனும் எழுத்தில் கைகோத்த படம். கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியிலிருந்து மகள் காவேரியை அப்பா மீட்டுக்கொண்டு வருகிறார். வந்த பிறகு ஒரு ராத்திரி, தூக்கத்தில் அவள் உளறுகிறாள். அங்கே வந்துபோனவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய பேச்சு வாயில் வருகிறது. மீட்பு முடிந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்த பார்வையாளருக்கு, எதுவுமே முடியவில்லை என்று அந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன. அவளை அனுப்பிவைக்கும் சோனாகாச்சிப் பெண்களுக்கும் அந்தப் படம் மனசு கொடுத்திருந்தது. முப்பது வருடம் ஆகியும் அந்த இடத்தைத் தாண்டிய காட்சிகள் நம் குற்றக் கதைகளில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன.

மீட்பவரின் கதையாகிவிடும் ஆபத்து வேறு இருக்கிறது. கோர்பன் ஆடிசன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 2012-இல் எழுதிய ‘எ வாக் அக்ராஸ் த சன்’ தமிழ்க் கடற்கரையில் தொடங்குகிறது. 2004 சுனாமியில் குடும்பத்தை இழந்த அகல்யா, சீதா என்ற அக்கா தங்கை விற்கப்படுகிறார்கள். நல்ல நோக்கத்தோடு, உழைத்து எழுதிய நூல். ஆனாலும் நாவல் நகர நகர, வாஷிங்டனிலிருந்து மும்பைக்கு வரும் தாமஸ் கிளார்க் என்ற வழக்கறிஞரின் மணவாழ்வுச் சிக்கலும் மனமாற்றமும் நடுக்கூடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சகோதரிகள் தாங்கிக்கொள்ளும் பெண்களாக இருக்கிறார்கள். மாறும் உரிமை கிளார்க்குக்கே அதிகம் கிடைக்கிறது. நம் ஊர்ப் படங்களின் நேர்மையான போலீஸ் அதிகாரிக்கும் இதே சலுகைதான். கதவை உதைத்துத் திறக்கிறார், பெண்கள் போர்வை போர்த்தி வெளியே வருகிறார்கள், ஒருவருக்கும் பெயர் இல்லை.

இதற்கு நேர்மாறான பாதையில் போனவர் கேரளத்தைச் சேர்ந்த தீபா ஆனப்பாரா. பத்திரிகையாளராக இருந்தவர். 2020-இல் வந்த அவருடைய ‘ஜின் பெட்ரோல் ஆன் த பர்ப்பிள் லைன்’ நாவலில் துப்பறிவாளனுக்கு 9 வயது. பெயர் ஜெய். குடிசைப் பகுதியில் குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள், போலீஸ் கண்டுகொள்ளவில்லை, டிவி பார்த்துக் கற்ற வித்தைகளோடு ஜெய் புறப்படுகிறான். கடைசியில் அவன் அக்காவே காணாமல் போகிறாள். விளையாட்டாகத் தொடங்கிய துப்பறிதல் துக்கமாக முடிகிறது. துப்பறிவாளன் தோற்கும் அந்த நாவலுக்கு 2021-இல் குற்றப் புனைவுக்கான எட்கர் விருது கிடைத்தது. மாறாத நாயகன்தான் விற்பான் என்று நம்புகிற பதிப்பாளர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

நீலகிரிக்குத் திரும்பினால், கதைக்கான மனிதர்கள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று எங்கும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார்கள். 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் பிறகு டேன்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். அவர்களின் பேரப்பிள்ளைகள் படித்து கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கொழுந்து பறிக்கும் கைகள் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகின்றன. தன்பாத் - ஆலப்புழா ரயிலில் வந்து, கோவைப் பக்கம் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறுகிறார்கள். தாத்தா இலங்கை லயத்தில் பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு சூப்பர்வைசர், சாத்ரி மொழி பேசும் ஒரு பெண்ணின் பெயரைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதுகிறார். இவரைவிடச் சிக்கலான ஒரு பாத்திரம் எந்த எழுத்தாளருக்கு வேண்டும்?

வேலை தேடி வருவதெல்லாம் ஆள்கடத்தல் ஆகிவிடாது. பெரும்பாலோர் தங்கள் விருப்பப்படி வருகிறார்கள், சம்பாதிக்கிறார்கள், வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்களை ஒட்டுமொத்தமாகப் பரிதாப ஜீவன்களாக்குவதும் ஓர் அவமதிப்புதான். கோடு எங்கே தாண்டப்படுகிறது என்பதே கேள்வி. 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி அந்தக் கோட்டை வரைந்தார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆவது கூறு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது தீர்ப்பு. பசியும் வறுமையும்கூடக் கட்டாயத்தின் வடிவங்கள் என்பதே அதன் சாரம். அதற்கு முன்பே, 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஆட்களைக் கட்டிவைக்கும் கடன் முழுவதையும் ரத்து செய்துவிட்டது. 1859-இல் குற்றவாளியாக இருந்தவர் 1976-இல் நீதிக்கு உரியவரானார். எழுத்து மட்டும் இன்னும் அந்தப் பயணத்தை முழுதாக நடந்து முடிக்கவில்லை.

மீட்கப்பட்ட கொத்தடிமைக்கு வருவாய்த் துறை ஒரு விடுதலைச் சான்றிதழ் கொடுக்கிறது. மறுவாழ்வு உதவியாக ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், கொடுமையான கடத்தலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்று 2016-ஆம் ஆண்டின் மத்தியத் திட்டம் வகுத்தது. உடனடியாகக் கிடைப்பது அதில் ஒரு சிறு பகுதி. மீதித் தொகை, குற்றம் செய்தவர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்பது நமக்குத் தெரியாததா? அந்த வருடங்களில் ஏஜென்டின் ஆட்கள் சமாதானம் பேச வருவார்கள். சாட்சி சொல்ல மலைக்குத் திரும்பி வரக் கூலி நாள்கள் போகும். கல்யாணப் பேச்சு வரும்போது பழைய கதையை யாராவது எடுப்பார்கள். துப்பறிவாளர் கைகழுவிவிட்டு அடுத்த வழக்குக்குப் போகும் இடத்தில்தான் அந்தப் பெண்ணின் பாத்திரம் உண்மையில் வளரத் தொடங்குகிறது.

அந்த அத்தியாயத்தை யாராவது எழுத வேண்டும். விடுதலைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அவள் ஊர்போய்ச் சேருகிறாள். மலைக்கு அழைத்துப் போனவர் தூரத்து உறவு, ஜாமீனில் வந்துவிட்டவர். அவர் வீட்டுத் திண்ணையில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், உள்ளே டீ போடுகிறார்கள். கிணற்றுக்குப் போக அந்தத் தெருவைத் தவிர வேறு வழி இல்லை. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறாள். திண்ணையிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லி, எப்போதும்போல், ‘நல்லா இருக்கியா?’ என்று கேட்கிறார்.